மதுவுக்கு வேலி, புகைக்கு வாசல்

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று அம்பாறைக் கரையோரம் நீளும் முஸ்லிம் ஊர்களில் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் சஹன் என்ற கூட்டுத் தட்டில் சோறு வரும், வட்டிலப்பம் வரும், கடைசியில் வெத்திலை வரும். மது வராது. அது வராததை யாரும் ஒரு குறையாக நினைப்பதும் இல்லை. அறுபது எழுபது வயதுவரை ஒரு சொட்டுக்கூடக் குடித்தறியாத மனிதர்கள் இந்த ஊர்களில் ஏராளம். அதற்காக அவர்கள் ஒருநாளும் தங்களோடு மல்லுக்கட்டியதில்லை. அதைத் தங்கள் சாதனையாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை.

அவர்களில் புகைப்பவர் ஒருவரை நோன்பு மாதத்தில், நோன்பு திறக்கும் மஃரிப் நேரத்தில் கவனித்துப் பாருங்கள். அதிகாலை ஸஹர் முடிந்ததிலிருந்து ஏறத்தாழ 13½ மணித்தியாலம் வாயில் தண்ணீரும் படவில்லை, புகையும் படவில்லை. பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர், அரைக் கோப்பை கஞ்சி. மீதிக் கஞ்சி ஆறிக்கொண்டிருக்க, ஆள் சட்டைப்பையைத் தடவியபடி வெளியே போய்விடுகிறார். பகல் முழுவதும் அடங்கிக் கிடந்த ஆசை, தொழுகைக்கு எழும்பும் வரைகூடப் பொறுக்கவில்லை.

மனிதர் ஒருவர்தான். மதுவை அவர் தொடுவதில்லை. புகையை அவரால் விட முடிவதில்லை. மனவுறுதி இல்லாதவர் என்று அவரைச் சொல்லிவிடவும் முடியாது. முப்பது நாள் பசித்திருப்பவரிடம் இல்லாத உறுதி வேறு யாரிடம் இருக்கிறது? ஆகவே கேள்வியை வேறு இடத்தில் வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. ஊறிப்போன பழக்கத்தை விடுவது ஏன் இத்தனை கடினம் என்பதைப் பற்றி மிக ஆழமாக யோசித்த பழைய நூல்களில் ஒன்று பைபிள். கல்முனைக்கு அது அந்நியமான நூலும் அல்ல. 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த ஊழியர் மட்டக்களப்பில் வந்து இறங்கினார். ஓராண்டுக்குள் அங்கேயே இறந்தும் போனார். அவர் தொடக்கிய மரபு கரையோரமாகத் தெற்கே பரவியது. கல்முனையின் வெஸ்லி உயர்தரப் பாடசாலையும், கத்தோலிக்க வழியில் வந்த கார்மேல் பாத்திமாக் கல்லூரியும் இன்றும் அந்த வரலாற்றின் அடையாளங்கள். பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஊர் இது. ஒருவர் வேதத்தில் உள்ளதை மற்றவர் கேட்டுப் பயன்பெறத் தடையில்லை.

பழக்கத்தைப் பற்றிய பைபிளின் மிகக் கடுமையான கூற்று எரேமியா தீர்க்கதரிசியின் நூலில், 13ஆம் அதிகாரத்தில் வருகிறது. எத்தியோப்பியனால் தோல் நிறத்தை மாற்ற முடியுமா, சிறுத்தையால் புள்ளிகளை மாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டு, முடியுமென்றால் தீமை செய்தே பழகிய நீங்களும் நன்மை செய்யலாம் என்கிறார். இதைத் தனித்து வாசித்தால் கதவை அடித்துச் சாத்தியது போலத்தான் தோன்றும். ஆனால் எரேமியா இதை எந்த அனுபவத்திலிருந்து சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்.

அவர் பேசத் தொடங்கியது கி.மு. 627 அளவில், யூதா நாட்டை யோசியா அரசர் ஆண்ட காலத்தில். சில ஆண்டுகளில், கி.மு. 622 அளவில், யோசியா பெரிய சீர்திருத்தம் ஒன்றை நடத்தினார். எருசலேம் ஆலயத்தில் ஒரு சட்டநூல் கண்டெடுக்கப்பட்டது. அதைக் கேட்ட அரசர் தம் உடையைக் கிழித்துக்கொண்டார். நாடு முழுவதும் சிலைகள் உடைக்கப்பட்டன, வழிபாட்டு மேடைகள் இடிக்கப்பட்டன, பலிபீடங்கள் தூளாக்கப்பட்டன. அரச ஆணையால் செய்யக்கூடியதில் ஒன்றுகூட மிச்சமில்லை. கி.மு. 609இல் மெகிதோவில் யோசியா கொல்லப்பட்டார். அடுத்து வந்த அரசர்கள் காலத்தில் எல்லாம் பழையபடியே திரும்பிற்று. எரேமியா இதைக் கண்ணால் கண்டவர். இடித்த மேடையை மக்கள் மீண்டும் கட்டிக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும். சிறுத்தையின் புள்ளி பற்றிய பேச்சுக்குப் பின்னால் இருப்பது இந்த ஏமாற்றம்.

அதைவிடக் கூர்மையான இடம் 44ஆம் அதிகாரம். எருசலேம் அழிந்துவிட்டது. தப்பியவர்கள் எகிப்துக்கு ஓடிப் போயிருக்கிறார்கள். வான அரசி என்ற தெய்வத்துக்குத் தூபம் காட்டும் பழக்கத்தை இனியாவது விடுங்கள் என்கிறார் எரேமியா. மக்கள் அவர் முகத்துக்கு நேரே மறுக்கிறார்கள். நாங்களும் எங்கள் முன்னோரும் அதைச் செய்தபோது வயிறு நிறையச் சாப்பாடு இருந்தது, அதை நிறுத்திய பிறகுதான் இத்தனை துன்பமும் வந்தது என்பது அவர்களுடைய வாதம். இதை வாசிக்கும்போது நம் ஊர்த் தேநீர்க்கடையில் கேட்கும் பேச்சு எனக்கு நினைவுக்கு வருகிறது: “இத விட்டாத்தான் தம்பி எனக்கு வருத்தமே வாற.” அது பொய்யும் அல்ல. நிக்கொட்டின் நின்ற சில மணித்தியாலங்களிலேயே தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் தொடங்கிவிடும். இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்கு ஏறி, மூன்று நான்கு வாரங்களில் படிப்படியாகத் தணியும். பழக்கம் உண்டாக்கிய நோயை, பழக்கத்தை விட்டதால் வந்த நோய் என்று உடம்பு கணக்கெழுதி வைக்கிறது. எகிப்துக்கு ஓடிய யூதர்கள் செய்ததும் அதே கணக்குத்தான்.

நோன்பின் வினோதமும் இங்கேதான் விளங்குகிறது. பகலில் அடங்கும் உடம்புக்கு இரவில் மீண்டும் நிக்கொட்டின் கிடைத்துவிடுவதால் அந்த மூன்று நாள் உச்சத்தைத் தாண்டும் வாய்ப்பே வருவதில்லை. முப்பது நாளும் அவர் முதல் நாளிலேயே நிற்கிறார். கஷ்டம் முழுவதையும் பட்டுவிட்டு, அதன் பலன் கைக்கு வரும் முன்னரே ஒவ்வொரு மஃரிபிலும் அதை இழந்துவிடுகிறார்.

விட்டதற்காக ஏங்குவது பைபிளின் முதல் ஐந்து நூல்களான தவ்றாத்திலும் குர்ஆனிலும் ஒரே காட்சியாக வருவது இங்கே நினைக்கத்தக்கது. எகிப்திய அரசன் ஃபிர்அவ்னின் அடிமைத்தளையிலிருந்து மூஸா நபி, பைபிளின் மோசே, மீட்டுக்கொண்டு வந்த மக்கள் பாலைவனத்தில் அழுகிறார்கள். எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில் அவர்கள் எகிப்தின் மீன், வெள்ளரி, கொம்மட்டி, வெங்காயம், பூண்டு என்று பட்டியல் போடுகிறார்கள். குர்ஆனில் அல்பகறா அத்தியாயத்தின் 61ஆம் வசனத்திலும் வெள்ளரி, பூண்டு, பருப்பு, வெங்காயம் என்று அந்த ஏக்கம் பதிவாகியிருக்கிறது. சவுக்கடி மறந்து பூண்டின் மணம் மட்டும் நினைவில் நிற்பதை இரண்டு வேதங்களும் மறைக்காமல் சொல்கின்றன.

எரேமியாவின் நூலில் இன்னொரு அதிகாரம் இருக்கிறது. பிரசங்கங்களில் அதிகம் கேட்காத அதிகாரம், ஆனால் கல்முனைக் கரைக்காகவே எழுதியது போன்றது. 35ஆம் அதிகாரம். பாபிலோன் அரசர் நெபுகாத்நேச்சாரின் படைக்குப் பயந்து ரேகாபியர் என்ற குலத்தார் எருசலேமுக்குள் வந்து தங்கியிருக்கிறார்கள். அவர்களை ஆலயத்தின் அறையொன்றுக்கு அழைத்துப் போய், குடங்கள் நிறைய திராட்சை மதுவையும் கிண்ணங்களையும் முன்னால் வைத்து, குடியுங்கள் என்கிறார் எரேமியா. சொல்வது தீர்க்கதரிசி, இடம் ஆலயம். அவர்கள் தொடவில்லை. எங்கள் முன்னோர் யோனதாப் குடிக்க வேண்டாமென்று சொல்லியிருக்கிறார், நாங்களும் எங்கள் மனைவியரும் பிள்ளைகளும் குடிப்பதில்லை என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். யோனதாப் வாழ்ந்தது யெகூ அரசர் காலத்தில், அதாவது அந்த நாளிலிருந்து இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பு.

இந்த அதிகாரத்தைக் கீழ்ப்படிதலுக்கு உதாரணமாகச் சொல்வதே வழக்கம். எரேமியாவும் அப்படித்தான் பயன்படுத்துகிறார். ஆனால் யோனதாப் இட்ட கட்டளையை முழுதாக வாசித்தால் அவருடைய மதிநுட்பம் தெரியும். குடிக்காதே என்பதோடு அவர் நிறுத்தவில்லை. திராட்சைத் தோட்டம் போடாதே, விதை விதைக்காதே, வீடு கட்டாதே, கூடாரத்தில் இரு என்கிறார். தோட்டம் இல்லையென்றால் பழம் இல்லை. பழம் இல்லையென்றால் ஆலை இல்லை. நிலையான வீடு இல்லையென்றால் மதுவை ஊறவைக்க நிலவறையும் இல்லை. பிள்ளைக்கு மதுவின் மணமே தெரியாது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் மனத்தோடு போராடித் தோற்காதபடி, போராட்டத்துக்கான சந்தர்ப்பத்தையே வாழ்க்கைமுறையிலிருந்து அவர் எடுத்துவிட்டார்.

13ஆம் அதிகாரத்தையும் 35ஆம் அதிகாரத்தையும் பக்கத்தில் வைத்து வாசிப்பதே சரி என்பது என் துணிபு. தீமையும் பழகி வருவது, நன்மையும் பழகி வருவது. இரண்டையும் சுமப்பது தனி மனிதரைவிடப் பெரிய ஒன்று: வீடு, குலம், ஊர். யோசியாவின் சீர்திருத்தம் மேலிருந்து வந்தது, அவரோடு போயிற்று. யோனதாபின் வேலி சாப்பாட்டிலும் குடியிருப்பிலும் போடப்பட்டது, இருநூறு ஆண்டு நின்றது. நம் கரையோர முஸ்லிம் ஊர்களில் மதுவுக்கு இருப்பது இதே மாதிரியான வேலி. குடிப்பவர் எவருமே இல்லை என்று நான் சொல்லவில்லை. குடிப்பவர் வேறூருக்குப் போய், மறைந்து குடிக்க வேண்டியிருக்கிறது என்பதே அந்த வேலியின் பலம்.

அந்த வேலியும் ஒரே நாளில் எழுந்ததில்லை. மதுவில் நன்மையைவிடத் தீமை பெரிது என்று குர்ஆனில் முதலில் சொல்லப்பட்டது. பிறகு போதையோடு தொழுகைக்கு நெருங்காதீர்கள் என்று. கடைசியில் அல்மாயிதா அத்தியாயத்தில் முழுத்தடை. ஐந்து நேரத் தொழுகை உள்ள சமூகத்தில் இரண்டாவது கட்டளை என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பகலின் பெரும்பகுதி மதுவுக்கு மூடப்பட்டுவிடுகிறது. முழுத்தடை வந்தபோது மதீனாவின் தெருக்களில் மது கொட்டப்பட்டது என்று ஹதீஸ்கள் கூறுகின்றன. அதற்குள் ஊர் பாதிக்கு மேல் பழகியிருந்தது.

அப்படியானால் புகை எப்படி உள்ளே வந்தது? புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. முஸ்லிம் நாடுகளுக்கு அது கி.பி. 1600ஐ ஒட்டித்தான் வந்து சேர்ந்தது. வேதமும் ஹதீஸும் அதற்கு ஆயிரம் ஆண்டு மூத்தவை. அதன் பெயர் அங்கே இல்லை. உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் 1633இல் அதற்கு மரண தண்டனைவரை விதித்தார். அதே நூற்றாண்டில் டமஸ்கஸின் பெரிய அறிஞர் அப்துல் கனீ அந்நாபுலுஸி அது ஆகுமானது என்று நூல் எழுதினார். ஹராம் (தடை), மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது), முபாஹ் (ஆகுமானது) என்று சட்ட அறிஞர்கள் பிரிந்து நின்ற அந்த இடைவெளியில் பழக்கம் ஊருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. புற்றுநோய் பற்றிய அறிவு வந்து, இன்று பெரும்பாலான உலமாக்கள் கண்டித்துப் பேசும்போது காலம் கடந்துவிட்டிருக்கிறது. இலங்கைக்கும் புகையிலை போர்த்துக்கேயர் காலத்தில் வந்தது. அதற்கு மிக முந்தியே இங்கிருந்த வெத்திலை பாக்கோடு அது சேர்ந்துகொண்டது.

வெத்திலையைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பழக்கம் என்றே நாம் நினைப்பதில்லை. அது மரியாதை, விருந்தோம்பல், வேளாண்மை வெட்டும் ஆட்களுக்குக் கூலியோடு கூலியாகக் கொடுப்பது, கரைவலை இழுப்பவரின் இடுப்பு மடிப்பில் இருப்பது. பாக்கில் உள்ள அரிக்கோலின் என்ற பொருள் தானே அடிமைப்படுத்தக்கூடியது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் புகையிலை சேர்த்த வெத்திலை புற்றுநோய் உண்டாக்கும் என்று 1985இலேயே அறிவித்தது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே போதும் என்று 2004இல் வெளியிட்டது. இலங்கையில் ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். அதற்கு முன்னோடியாகச் சிலருக்கு வாயின் உட்தோல் நார்போல் இறுகிவிடுகிறது. வைத்தியர் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் வைக்கச் சொல்வார். சுகதேகியின் வாயில் மூன்றும் நுழையும். வாய் இறுகியவருக்கு இரண்டு நுழையாது, பிறகு ஒன்றும் சிரமம். கஞ்சியில் காரம் பட்டால் எரியும். பாக்கை நிறுத்தினாலும் இறுகிய தோல் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. நிறுத்துவதன் பயன், மேலே போகாமல் காத்துக்கொள்வது.

அரசாங்கம் சட்டம் போடாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் விளம்பரத்தைத் தடுத்தது, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதைத் தடுத்தது. 2015இல் சிகரட் பெட்டியின் 80 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படம் வந்தது. 2016இல் மென்று பயன்படுத்தும் புகையிலைப் பொருட்கள் தடைசெய்யப்பட்டன. நல்ல சட்டங்கள். ஆனால் கடையில் ஒரு சிகரட்டைத் தனியாகக் கேட்டு வாங்குபவர் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை. யோசியாவின் ஆணைக்கு நேர்ந்தது இந்தச் சட்டங்களுக்கும் நேராமல் இருக்க, ஊர் தன் பங்கைச் செய்ய வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு கிறிஸ்தவ வாசகர் என்னை மறுக்கலாம். பைபிளின் பதில் ஊரும் வேலியும் அல்ல, கடவுளின் கிருபை என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எரேமியாவே 31ஆம் அதிகாரத்தில், சட்டம் கல்லில் அல்லாமல் இருதயத்தில் எழுதப்படும் நாளைப் பற்றிப் பேசுகிறார். பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 7ஆம் அதிகாரத்தில், விரும்பும் நன்மையைச் செய்யாமல் வெறுக்கும் தீமையையே செய்கிறேன் என்று கதறுகிறார். விடுதலை தன்னிடமிருந்து வராது என்கிறார். விட முயன்று தோற்ற எவருக்கும் அந்தக் கதறல் புரியும். முஸ்லிம் இந்த இறையுதவியை தவ்ஃபீக் என்று சொல்வார். மனிதன் தன் பலத்தால் மட்டும் மாறிவிடுவதில்லை என்பதில் இரண்டு மரபுக்கும் பிணக்கில்லை.

ஆனால் கிருபை பெரும்பாலும் மனிதர் வழியாகவே வந்து சேர்கிறது. அதே பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது, தவறியவரைச் சாந்தமாகத் தூக்கி நிறுத்துங்கள், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்துகொள்ளுங்கள் என்கிறார். இன்றைய அல்ஜீரியாவில் பிறந்த அகுஸ்தீன், கி.பி. 400ஐ ஒட்டி எழுதிய தம் வாழ்க்கை வரலாற்றில் நண்பர் அலீப்பியுஸின் கதையைச் சொல்கிறார். ரோமில் படிக்கும்போது அவரை நண்பர்கள் வற்புறுத்தி மனிதர் வெட்டிக்கொள்ளும் விளையாட்டுக்கு இழுத்துப் போனார்கள். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், கூட்டத்தின் கூச்சல் கேட்டுக் கண்ணைத் திறந்தார், அன்றிலிருந்து அடிமையானார். கூட்டம் கெடுத்தது. பின்னர் கி.பி. 386இல் மிலான் நகரத் தோட்டத்தில் அகுஸ்தீன் தம் பழைய வாழ்க்கையோடு போராடி அழுதபோது அருகில் இருந்தவரும் அலீப்பியுஸ்தான். இருவரும் சேர்ந்தே மாறினார்கள். ஏழு நூற்றாண்டுக்குப் பிறகு இமாம் கஸ்ஸாலி இஹ்யா நூலில், குணத்தை மாற்றவே முடியாதென்றால் உபதேசமே வீண் என்று வாதிட்டார். எழுத்துக்கலைஞனின் கையசைவைத் திரும்பத் திரும்பச் செய்பவன் எழுத்துக்கலைஞன் ஆவதுபோல, நற்செயலைப் பழகப் பழக அது இயல்பாகும் என்றார்.

இந்தப் பழைய அறிவுக்கு நவீன ஆய்வும் சான்று தருகிறது. வியட்நாம் போரில் ஹெரோயினுக்கு அடிமையாகித் திரும்பிய அமெரிக்கப் படையினரை லீ ரொபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970களில் தொடர்ந்து கவனித்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் மட்டுமே. இடமும் கூட்டமும் மாறியதும் பிடி தளர்ந்தது. லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைக் கொண்டு செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் பழக்கமாவதற்கு இடைநிலை அளவில் 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18, சிலருக்கு 254. இடையில் ஒருநாள் தவறினாலும் பெரிய பாதிப்பில்லை என்றும் கண்டார்கள். நீதிமான் ஏழுதரம் விழுந்தும் எழுந்திருப்பான் என்ற கருத்து நீதிமொழிகளில் இருப்பது அறிந்ததே.

வேலியைப் பற்றி ஒரு கவலையும் சொல்ல வேண்டும். முன்னோர் பெயர் சொல்லித் தடுத்ததை மட்டுமே அது தடுக்கும். மதுவைத் தொடாத குடும்பத்துப் பிள்ளை ஐஸ் என்ற போதைப்பொருளைத் தொடுகிறான் என்ற செய்தி கிழக்கிலும் இப்போது புதிதல்ல. அதில் வாடை வராது, அது தள்ளாட வைக்காது. உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் அடையாளம் தெரியாது. பாட்டன் கட்டிய வேலிக்குள் இருக்கிறோம் என்ற நிம்மதியில் பேரனைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது.

பள்ளிவாசல் நிருவாகத்தாருக்கும், தேவாலயப் பெரியவர்களுக்கும், கோயில் வண்ணக்கர்மாருக்கும் என் வேண்டுகோள் இதுதான். கலியாணத்திலும் மரண வீட்டிலும் வெத்திலைத் தட்டில் பாக்கும் புகையிலையும் வைக்காத வழக்கத்தை உங்கள் வீடுகளில் இருந்தே தொடக்குங்கள். நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதத்திலேயே புகைப்பவர்களை நாலைந்து பேராகச் சேர்த்து, முதல் நோன்பிலிருந்து மஃரிபுக்கும் ஸஹருக்கும் இடைப்பட்ட நேரத்தை ஒருவருக்கொருவர் துணையாகக் கடக்க வையுங்கள். அந்த மூன்று நாள் உச்சம் தாண்டும்வரை அவர்களைத் தனியே விடாதீர்கள். பெருநாளோடு அந்தக் கூட்டைக் கலைத்துவிடாமல் இன்னும் ஐந்தாறு வாரம் தொடருங்கள். தவறி விழுந்தவரை ஏளனம் செய்யாதீர்கள். வாயில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ உள்ளவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்ப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.